அறுபதைத் தாண்டினால் ஆடும்

புதிதாகத் தொடங்கிய சின்னக் கம்பனி செய்யும் விலை கூடிய மோட்டார் சைக்கிளை நம்பி வாங்கலாமா என்று இன்றைக்கும் என்னிடம் ஆட்கள் கேட்கிறார்கள். கொழும்பில் இருபது வருடத்துக்கு மேல் வாகனக் காப்புறுதியில் அசெசராக இருந்தவன் நான். அடிபட்ட வாகனத்தைப் போய்ப் பார்த்து, எது விபத்தில் வந்த சேதம், எது சொந்தக்காரர் சுத்தியலால் போட்ட சேதம் என்று பிரித்து எழுதிக் கொடுப்பது என் தொழில். ஆகவே என்னிடம் திட்டமான பதில் இருக்கும் என்று நினைக்கிறார்கள். பதில் இருக்கிறது. அதைச் சொல்லும் தகுதிதான் எனக்கில்லை.

அப்படி ஒரு மோட்டார் சைக்கிளை நானே வாங்கினேன். நாலு வருடம் ஓட்டினேன். பிறகு அதைப் பற்றி மூன்று பேரிடம் ஒரே பொய்யைச் சொன்னேன்.

அது யுத்த காலம். வெள்ளவத்தையில், காலி வீதி என்னும் பெருந்தெருவிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். நான், மனைவி, மகள். மனைவி ஹெவ்லொக் டவுனில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்தாள். மகள் பம்பலப்பிட்டியில் வேறொரு பாடசாலையில் மூன்றாம் வகுப்பு. மனைவியின் அண்ணன் கனடாவில் இருந்தார். அவருடைய ஆதரவில் அங்கே குடியேற விண்ணப்பித்திருந்தோம். பன்மையில் சொல்கிறேன், படிவங்களை நிரப்பியது அவள், நான் போட்டது கையெழுத்து மட்டும்.

அந்த நாளில் எங்கள் ஒழுங்கையில் யார் எதை வாங்கினாலும், அக்கம்பக்கத்தார் கேட்கும் முதல் கேள்வி "என்ன விலை?" என்பதல்ல. "வித்தா என்ன போகும்?" என்பதுதான். எல்லோரும் எங்கேயோ போகக் காத்திருந்தவர்கள். விசா வந்தால் இரண்டு கிழமையில் வீடு காலியாக வேண்டும். ஆகவே பெயர்பெற்ற கம்பனியின் குளிர்சாதனப் பெட்டி, பெயர்பெற்ற கம்பனியின் தொலைக்காட்சி. அவை வந்த அட்டைப் பெட்டிகளைக்கூட எறியமாட்டார்கள். பெட்டியோடு விற்றால் கொஞ்சம் கூடப் போகும். எங்கள் வீட்டிலும் அலுமாரிக்கு மேல் கூரை முட்ட வெறும் பெட்டிகள். மிக்சியின் பெட்டிக்குள் அதைப் பொதிந்து வந்த வெள்ளை நுரைத் துண்டுகளையும் மனைவி பத்திரமாக வைத்திருந்தாள். சட்டி பானை தவிர மற்ற எல்லாவற்றையும் நாங்கள் விற்பதற்காகவே வாங்கினோம் என்று சொன்னால் அது பெரிய பொய்யில்லை.

பஸ்ஸில் குண்டு, ரயிலில் குண்டு என்று அடுத்தடுத்துக் கேள்விப்பட்ட ஒரு மாதத்தில், இனி பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்று மனைவி சொல்லிவிட்டாள். ஒரு மோட்டார் சைக்கிள் வாங்குவது என்று தீர்மானமானது. எது என்பதையும் அவளே தீர்மானித்திருந்தாள்: பாவித்த ஜப்பான் சைக்கிள், கறுப்பு நிறம். அதை நினைத்த நாளில் விற்கலாம். சோதனைச் சாவடியில் நிற்கும் ஆமிக்காரனுக்கும் அது பழகின உருப்படி, திரும்பிப் பார்க்கமாட்டான். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. யாராவது என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் அதே மாதம் களனிப் பாலத்துக்குப் பக்கத்தில் லொறி மோதிய ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்க்கப் போனேன். நான் அதுவரை கண்டிராத சாதி. முன்சக்கரம் அப்பளம்போல் மடிந்திருந்தது. பெற்றோல் தாங்கி நசுங்கியிருந்தது. இப்படி ஓர் அடி விழுந்தால் சேஸி கோணியிருக்க வேண்டும். வழக்கம்போல் நூல் பிடித்துப் பார்த்தேன். நூல் நேராக நின்றது. மறுபக்கமும் பிடித்தேன், அங்கும் நேர். நிலத்தில் முழங்காலிட்டு ஒட்டு வேலையைப் பார்த்தேன். ஒவ்வொரு மூட்டும் ஒரே அகலத்தில், ஒரே கையால் பொறுமையாக ஒட்டப்பட்டிருந்தது. என் தொழிலில் ஒரு பொருளைப் பார்த்து மரியாதை வருவது வருடத்தில் ஒருமுறை நடந்தால் அதிகம். அன்றைக்கு வந்தது. அறிக்கையிலும் சேஸியைப் புகழ்ந்து இரண்டு வரி எழுதினேன். புகழ்வதற்கு எனக்கு ஒருவரும் சம்பளம் தருவதில்லை.

அதைச் செய்தவர்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தார்கள். ஓர் இரும்புக் கடையின் பின்பக்கத்துக் களஞ்சியம்தான் அவர்களுடைய தொழிற்சாலை. இரண்டே பேர். ஒருவர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், கத்தோலிக்கர், முன்பு கப்பல் திருத்துமிடத்தில் எஞ்சினியராக இருந்தவர். மற்றவர் களனியிலிருந்து வரும் சிங்கள வெல்டிங் பாஸ்; தொழில் தெரிந்த மேத்திரிமாரைக் கொழும்பில் பாஸ் என்பார்கள். எஞ்சினியரை விடப் பத்து வயது மூத்தவர், அதிகம் கதைக்கமாட்டார். எஞ்சின் மட்டும் ஜப்பானிலிருந்து பெட்டியில் வரும். மற்ற எல்லாம் அந்தக் களஞ்சியத்திலேயே. நான் போன நேரம் அவர்கள் செய்து விற்றிருந்தவை ஏழு. அவர்கள் கேட்ட விலையில் ஒரு புத்தம்புது ஜப்பான் சைக்கிளும், மேலே ஒரு சோடிக் காப்பும் வாங்கலாம். இது மனைவியின் கணக்கு.

"பின்னால யார் இருக்கப்போறாங்க?" என்றுதான் எஞ்சினியர் முதலில் கேட்டார்.

மனைவியும் மகளும் என்றேன். அப்படியானால் அவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். அடுத்த சனிக்கிழமை மனைவி வேண்டாவெறுப்பாக வந்தாள். சேலையோடு ஒரு பக்கமாக அவளை ஒரு மர வாங்கில் இருக்கச் சொல்லி, கால் எங்கே வருகிறது, கை எங்கே பிடிக்கிறது என்று பாஸ் சோக்கட்டியால் அடையாளமிட்டார். மகளை எனக்கும் அவளுக்கும் நடுவில் இருத்தி இன்னொருமுறை அளந்தார். கால் வைக்க அகலமான ஒரு தட்டு, சேலைத் தலைப்பு சக்கரத்தில் போகாமல் ஒரு வலை, பிடிக்க ஒரு வளையம் என்று எல்லாம் எங்கள் அளவுக்கே வந்தன. கடற்கரைப் பக்கத்து ஆட்கள் என்றபடியால் உப்புக்காற்றுக்கென்று சேஸிக்கு இன்னும் ஒரு பூச்சு. எங்கள் மூவரின் அளவுக்கென்று ஒரு பொருள் செய்யப்பட்டது அதுவே முதல்முறை.

"இதை ஆர் வாங்குவினம்?" என்று திரும்பி வரும் வழியில் மனைவி கேட்டாள். "எங்கட அளவில இன்னொரு குடும்பத்தைத் தேடோணும்."

ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதற்காகத்தான் வாங்கினேன் என்பது பிறகுதான் எனக்கே விளங்கியது. விற்கமுடியாத பொருளை வாங்குகிறவன் போகப்போவதில்லை. அதை வாயால் சொல்லத் தைரியமில்லாதவன் இரும்பில் செய்வித்தான்.

எனக்கு ஏன் போக விருப்பமில்லை? பெரிய தேசபக்தி ஒன்றும் இல்லை. கராஜுக்குள் நான் கால் வைத்தால் வேலை நின்று தேநீர் வரும். என்னுடைய ஒரு கையெழுத்துக்காக லொறி முதலாளிமார் காத்து நிற்பார்கள். சிங்களத்தில் சண்டை பிடிக்கவும் சமாதானம் பேசவும் எனக்குத் தெரியும். மைத்துனர் இங்கே கணக்காளர்; அங்கே பண்டசாலையில் பெட்டி அடுக்கினார். ஐம்பதை நெருங்கும் வயதில் பெட்டி அடுக்கப் பழக எனக்கு மனமில்லை. அவ்வளவுதான்.

நாலு வருடம் அந்த மோட்டார் சைக்கிளில் எங்கள் வீடு ஓடியது. காலையில் மகளைப் பம்பலப்பிட்டியில் இறக்கி, மனைவியை ஹெவ்லொக் டவுனில் இறக்கி, நான் வேலைக்குப் போவேன். மனைவி பயந்ததுபோல் சாவடிகளில் பிரச்சினை வரவில்லை. வந்தது வேறு தலையிடி. வெள்ளவத்தைப் பாலத்தடிச் சாவடியில் அடையாள அட்டையை வாங்கிய ஆமிக்காரன் அதைப் பார்க்காமல் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வருவான். எந்த நாட்டுச் சாமான், லீற்றருக்கு எவ்வளவு ஓடும், தம்பிக்கு ஒன்று எடுக்கலாமா? நான் கொட்டாஞ்சேனை என்பேன். பகிடி விடுகிறேன் என்று நினைப்பான். தமிழன் என்று மறித்து வைத்ததைவிட இந்த விசாரணையில்தான் எனக்குக் கூட நேரம் போனது.

குறைகளையும் சொல்லவேண்டும். பின்பக்கத்துச் சிவப்புக் கண்ணாடி ஒருமுறை உடைந்து, புதியது வார்க்க இரண்டு மாதம் சென்றது. அதுவரை சிவப்புத் தாள் ஒட்டி ஓடினேன். கிளச் கம்பி கடையில் கிடைக்காது, அவர்களே முறுக்கித் தரவேண்டும். அந்த இரண்டு பேரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் கம்பனிக்கே காய்ச்சல். மறுபக்கம், ஒருநாள் மழையில் சைக்கிள் நின்றபோது, பாஸ் குறடும் சாவியும் போட்ட ஆயுதப் பையோடு பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்து, எங்கள் படிக்கட்டில் குந்தியிருந்து திருத்திவிட்டு, பஸ்கூலியும் வாங்காமல் போனார். எந்தப் பெரிய கம்பனி இதைச் செய்யும்? என் பதில் என்று நான் சொன்னது இதுதான்: நெடுநாள் வைத்திருக்கப் போகிறவன் வாங்கலாம். விற்கும் எண்ணத்தோடு வாங்குகிறவன் பக்கத்திலும் போகக்கூடாது.

பிறகு விசா வந்தது. மருத்துவப் பரிசோதனை முடிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போய் இறங்கவேண்டும், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்பது சட்டம். தபால் தாமதங்கள் போக எங்களுக்கு மிஞ்சியது மூன்று மாதம். மனைவி அலுமாரிக்கு மேலிருந்த பெட்டிகளை இறக்கினாள். இரண்டு கிழமையில் எல்லாம் போய்விட்டது. நிலத்தில் பாய் விரித்துச் சாப்பிட்டோம். மிஞ்சியது மோட்டார் சைக்கிள் ஒன்றுதான். இரண்டு விமான ரிக்கெற்றுக்குக் காசு சேர்ந்திருந்தது. மூன்றாவது அந்தச் சைக்கிளில் நின்றது.

"மூண்டு பேரும் ஒண்டாத்தான் போறது," என்று மனைவி சொன்னாள். "அதைக் கெதியா வில்லுங்கோ."

"நீரும் பிள்ளையும் முதல் போங்கோவன். நான் வித்துப்போட்டு வாறன்."

"இல்லை. நீங்கள் வராட்டி நாங்களும் இல்லை."

விற்பது என் பொறுப்பு. விற்றால் போகவேண்டும். விற்காவிட்டால் மூன்று மாதம் தானாகக் கழிந்துவிடும். ஒருவரையும் குற்றம் சொல்லத் தேவையில்லை. ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்று நம்பி நான் நிம்மதியாக இருந்தேன்.

ஆனால் முதல் கிழமையே ஓர் ஆள் வந்து நின்றார். வங்கியில் வேலை செய்யும் இளம் ஆள், யாழ்ப்பாணம், புதிதாகக் கலியாணம் முடித்தவர். கொட்டாஞ்சேனையில் புதிது ஒன்றுக்கு முன்பணமே கட்டியிருந்தார். வந்து சேர ஆறு மாதமாகும் என்றபடியால், ஓடிய ஒன்று கிடைத்தால் உடனே எடுக்கலாம் என்று வந்திருந்தார். சைக்கிளைத் தடவிப் பார்த்தார். ஒழுங்கையில் கடல்வரை ஓட்டிவிட்டு வந்து, முகமெல்லாம் சிரிப்பாக இறங்கினார்.

"நல்லாத்தான் இருக்குது சேர். எண்டாலும் நீங்கள் அசெசர். ஏதும் பிழை இருந்தாச் சொல்லுங்கோ."

நான் தப்பிக்கும் கதவைத் தானே திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறார்.

"ஒண்டு இருக்கு," என்றேன். "அறுபதைத் தாண்டினா சேஸி ஆடும்."

இந்தப் பொய்யை நான் முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனால் வாயில் வந்த மாத்திரத்திலேயே அதன் அருமை எனக்கு விளங்கிவிட்டது. அந்தக் காலத்துக் கொழும்பில் ஒருவரும் அறுபதைத் தாண்டி ஓட்டிப் பார்க்கமுடியாது. அரை மைலுக்கு ஒரு சாவடி, அதற்கு முன்னும் பின்னும் பீப்பாய்கள். வேகமாக வருகிற மோட்டார் சைக்கிளைப் பார்த்தால் துவக்கைத் தூக்குவார்கள். பிரேக் பிழை என்றால் பிடித்துப் பார்ப்பார், எஞ்சின் பிழை என்றால் காது கொடுத்துக் கேட்பார். இதைச் சோதிக்க வழியே இல்லை. இருபது வருடமாகப் பிறர் பொய்யைத் துருவித் துருவிப் பார்த்தவனுக்குத் தன் பொய்யை எங்கே வைப்பது என்று தெரியாதா?

வங்கிக்காரரின் முகம் விழுந்துவிட்டது. "நீங்கள் சொல்லாட்டி எனக்கு எப்பிடித் தெரியும்? பெரிய உதவி சேர்," என்று என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

இரண்டாவது ஆள் தெஹிவளையில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி. அவரும் கேட்டார், நானும் சொன்னேன். "இந்தக் காலத்துல இப்புடி உண்மைய சொல்ற ஆள் இரிக்கிறதே பெரிய விசயம்," என்று துஆ செய்துவிட்டுப் போனார். மூன்றாவது ஆள் மனைவியோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருவரின் கணவர். அவரிடம் சொல்லும்போது பொய் நன்றாகப் பழகிவிட்டது. கையால் ஆட்டியும் காட்டினேன். ஒவ்வொருவரும் என் நேர்மையைப் பாராட்ட, நான் அடக்கத்தோடு தலையாட்டினேன். வெட்கம் என்று ஒன்று அப்போது எனக்கு வரவேயில்லை. இப்போது இதை எழுதும்போதுதான் வருகிறது.

இரண்டு மாதம் இப்படிப் போனது. மிஞ்சியது ஒரு மாதம்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தபோது, மனைவி வெறும் தரையில் பாயில் இருந்து மகளின் உடுப்புகளைச் சூட்கேசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். மகள் கீழ்வீட்டில் விளையாடப் போயிருந்தாள்.

"இண்டைக்கு ஸ்டாஃப் ரூமில எனக்கு ஒரே புகழ்ச்சி," என்றாள். "இப்பிடி ஒரு நேர்மையான மனுசன் கிடைக்க நான் குடுத்து வைச்சிருக்க வேணுமாம்."

நான் சப்பாத்தைக் கழற்றினேன்.

"அறுபதைத் தாண்டினா ஆடுமோ?"

"கொஞ்சம்."

"நாலு வருஷமா நான் அதில பின்னால இருந்து வாறன். நீர்கொழும்புக்குக் கலியாணத்துக்குப் போகேக்க, வெறும் றோட்டில எண்பதில ஓடினீங்கள். பயத்தில உங்கட தோளுக்கு மேலால வேகம் காட்டுற முள்ளையே பாத்துக்கொண்டு வந்தனான். ஒரு ஆட்டமும் இல்லை." ஒரு சட்டையை மடித்து வைத்தாள். "வர விருப்பமில்லை எண்டு ஒரு வசனத்தில சொல்லியிருக்கலாம். அதுக்கு ஏன் அந்தச் சாமானில பழி போடுறியள்?"

பதினாலு வருடத் தாம்பத்தியத்தில் அவள் இவ்வளவு மெதுவாகக் கதைத்து நான் கேட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

"எனக்கு வர விருப்பமில்லை," என்றேன்.

"எனக்கும்தான் விருப்பமில்லை."

நான் அவளைப் பார்த்தேன். அவள் சூட்கேசைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க போய் நான் கணிதமோ படிப்பிக்கப்போறன்? அண்ணி பேக்கரியில நிக்கிறா, நானும் அப்பிடி எங்கயாவது நிக்கப்போறன். அது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீங்களோ? இவளைக் காலமை வாசலில இறக்கி விட்டுட்டு வந்தா, மத்தியானம் வரைக்கும் ஒரு கதவு அடிச்சாக்கூட கரும்பலகையில எழுதுறது நிண்டுபோகுது. பிள்ளையள் சிரிக்குதுகள். இனி எனக்கு ஏலாது. அதுக்காகத்தான் போறன். விருப்பத்தில இல்லை."

அவள் போக ஆசைப்படுகிறாள் என்று நான் நாலு வருடம் நினைத்திருந்தேன். கேட்டதில்லை. ஒவ்வொரு காலையும் என் முதுகுக்குப் பின்னால் இருந்தவள் என்ன நினைத்துக்கொண்டு வந்தாள் என்று ஒருநாளும் கேட்கவில்லை. அவள் அட்டைப் பெட்டி சேர்ப்பதைப் பார்த்து, பேராசை என்று மனதுக்குள் சிரித்திருக்கிறேன். அந்த நேரம் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

"வாறீங்களோ இல்லையோ?" என்று கேட்டாள். "எனக்கு இண்டைக்குத் தெரியோணும்."

"வாறன்."

சொன்னபடி வந்தேன். தவணைக்குப் பத்து நாள் இருக்க மூவரும் கனடாவில் இறங்கினோம். சைக்கிள் விலைபோகவில்லை; மூன்றாவது ரிக்கெற்றை மைத்துனர் அனுப்பினார். அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார். ஆனால் அன்றைக்கு மனைவி என்னை அதோடு விடவில்லை.

"அந்த மூண்டு பேரிட்டயும் போய் உண்மையைச் சொல்லுங்கோ," என்றாள்.

திங்கட்கிழமை முதலில் வங்கிக்குப் போனேன். வங்கிக்காரர் எனக்குக் கதிரை தந்து, சோடா எடுப்பித்தார். சைக்கிளில் ஒரு பிழையும் இல்லை, நான் சொன்னது பொய் என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. உரிமைகோரல் படிவத்தோடு வருகிறவர்களைப் பார்த்து நான் சிரிக்கும் அதே சிரிப்பு.

"சேர், நீங்கள் வெளிக்கிட வேணும், அவசரம். எனக்கு விளங்குது," என்றார். "முதல் சொன்னதைத்தான் நான் எடுப்பன். அப்ப உங்களுக்குப் பொய் சொல்ல ஒரு தேவையும் இருக்கேல்லை."

"உண்மையா ஒரு பிழையும் இல்லை."

"நான் போன கிழமை கொட்டாஞ்சேனையிலயும் போய்ச் சொல்லிப்போட்டன் சேர். உங்கட சேஸி ஆடுதாம், அசெசரே சொன்னவர் எண்டு. முன்பணத்தைத் திருப்பி வாங்கிட்டன். இன்னொரு ஆளும் அப்ப அங்க நிண்டவர், அவரும் வாங்கிட்டார்."

எனக்கு இது தோன்றவேயில்லை என்றால் நம்புவீர்களோ தெரியாது. பெரிய கம்பனியின் சைக்கிளைப் பற்றி நான் நூறு பேரிடம் பொய் சொன்னாலும் அவர்களுக்கு ஒரு தூசியும் விழாது. அந்த இரண்டு பேரிடம் விளம்பரம் இல்லை, கடை இல்லை. அவர்களிடம் இருந்தது தெருவில் ஓடுகிற பத்துப் பன்னிரண்டு சைக்கிளும், அவற்றை ஓட்டுகிறவர்களின் வாயும்தான். அதில் ஒரு வாய் அசெசருடையது.

மற்ற இருவரிடமும் பிறகு போகலாம் என்று, வங்கியிலிருந்து நேரே கொட்டாஞ்சேனைக்கு ஓட்டினேன்.

எஞ்சினியர் களஞ்சிய வாசலில் நின்றார். வழக்கமாக "வாங்க அண்ணன்" என்பவர் அன்று வெறுமே உள்ளே தலையால் காட்டினார்.

"நாலு நாளா பாஸ் வேற வேல செய்யிறார் இல்ல," என்றார். "அப்புடி ஒண்டும் இருக்காது பாஸ் எண்டு நான் சொன்னேன். அசெசர் மாத்தயா சும்மா சொல்ற ஆள் இல்லையாம். கேக்கிறார் இல்ல."

உள்ளே பாஸ் தரையில் குந்தியிருந்தார். அவருக்கு முன்னால் பூச்சுக்கூட அடிக்காத புதுச் சேஸி ஒன்று, வங்கிக்காரருக்காகச் செய்தது, துண்டு துண்டாக அறுக்கப்பட்டுக் கிடந்தது. ஒவ்வொரு மூட்டையும் நடுவால் அறுத்து, உள்பக்கம் தெரியத் துடைத்து, வரிசையாக ஒரு சாக்கில் அடுக்கியிருந்தார். கையில் இரும்பு அறுக்கும் வாள். இன்னும் இரண்டு மூட்டு அறுக்க இருந்தது.

என்னைக் கண்டதும் எழுந்தார். எழும்ப முழங்கால் கஷ்டப்பட்டது. ஒரு துண்டை எடுத்து என் கையில் தந்தார்.

"மாத்தயா, வெரெத்த கொஹெத?" என்று கேட்டார். ஐயா, பிழை எங்கே என்கிறார்.

துண்டைப் பார்த்தேன். இரும்பு உள்ளுக்குள்ளும் ஒரே சீராக உருகிப் பிடித்திருந்தது. குருடனும் விரலால் தடவி நல்ல வேலை என்று சொல்வான். அவர் சிங்களத்தில் தொடர்ந்து பேசினார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டாராம், பிழை கண்ணுக்குப் படவில்லையாம். வயது போய்விட்டது, தன் கண்ணுக்குத் தெரியாததாக இருக்கும். நாலு வருடமாக நோனாவும், அதாவது என் மனைவியும், பிள்ளையும் அதிலே வந்திருக்கிறார்கள், ஆடுகிறது என்று தெரிந்தால் அன்றைக்கே தனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? தான் வந்து எடுத்திருப்பாராம். இதை அவர் கோபத்தில் கேட்கவில்லை.

ஆடவில்லை என்றேன். ஒருநாளும் ஆடியதில்லை. ஊரைவிட்டுப் போக விருப்பமில்லாமல், அது விலைபோகக்கூடாது என்று நான் சொன்ன பொய். சிங்களத்தில் சண்டை பிடிக்கத் தெரிந்த எனக்கு, இதைச் சொல்ல வாக்கியம் கூடவில்லை. இரண்டுமுறை சொன்னேன்.

எஞ்சினியர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார்.

"பிள்ளை விழவில்லையே?" என்று பாஸ் கேட்டார்.

"இல்லை. ஒருநாளும் விழவில்லை."

"அப்படியென்றால் நல்லது," என்றார்.

வாளை மேசையில் வைத்துவிட்டு, வாளித் தண்ணீரில் கையைக் கழுவினார். பிறகு திரும்பக் குந்தி, அறுத்த துண்டுகளை ஒவ்வொன்றாகச் சாக்குக்குள் போடத் தொடங்கினார். நானும் குனிந்து ஒரு துண்டை எடுக்கப் போனேன். வேண்டாம் என்று கையால் காட்டினார்.